மாப்ளே, புகை என்ன கலரு?

பழைய ஜீப் வாங்கிட்டியாமே மாப்ளே. நல்லது. ரொம்ப நல்லது. உன்னால ஊர்ல நாலு குடும்பம் பொழைக்கும். மெக்கானிக், லேத்துக்காரர், ஸ்பேர் கடைக்காரர், அதுபோக வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டு வர்ற டிராக்டர்காரர். அன்னதானம் போடுறவனுக்கு வருசத்துல ஒரு நாள்தான் புண்ணியம். எம்எம் 540 வச்சிருக்கிறவனுக்கு வருசம் பூராம்.

வாங்குன கையோட பேட்டரியை மாத்துன, டீசல் ஃபில்டரை மாத்துன, ஹீட்டர் பிளக் நாலையும் மாத்துன, நாசிலையும் மாத்திட்டன்னு உன் அத்தை சொன்னா. புகை மட்டும் நிக்கலையாம். எப்படி நிக்கும்? ராகுக்கு ஒரு பரிகாரம், கேதுக்கு ஒரு பரிகாரம், எதுக்கும் இருக்கட்டும்னு சனிக்கு ஒண்ணுன்னு கோயில் கோயிலாச் சுத்துறவன் மாதிரி நீ ஸ்பேர் கடையைச் சுத்தி வந்திருக்க. ஜாதகத்தை ஒருத்தனும் விரிச்சுப் பாக்கலை.

நான் மெக்கானிக் இல்லை. போடிக்கும் மெட்டுக்கும் ஏலக்காய் மூட்டையும் தோட்டத்து ஆளுகளையும் ஏத்தி இறக்கியே தலை நரைச்சவன். மலையில நடுவழியில வண்டி நின்னா அங்க ஸ்பேர் கடை கிடையாது. யோசிக்க நேரம் மட்டும் நெறைய இருக்கும். அப்படி யோசிச்சு வச்சதைச் சொல்றேன். கேட்டா கேளு, இல்லாட்டி ஃபாக் லைட்டு வாங்கி மாட்டு. அதையும் வாங்கிட்டன்னு கேள்வி.

மொதல்ல பானெட்டைத் தொற. உள்ள உக்காந்திருக்கிறது எந்த இன்ஜின்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? சிரிக்காத. பழைய ஜீப்புல ஆர்சி புத்தகம் ஒண்ணு சொல்லும், பானெட்டுக்குள்ள வேற ஒண்ணு கெடக்கும், வித்தவன் மூணாவதா ஒண்ணு சொல்லியிருப்பான்.

இந்த வண்டியோட பூர்வீகம் அமெரிக்கா. ரெண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ் கம்பெனி செஞ்சது. 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி. 1945-ல இரும்பு வியாபாரத்துக்குன்னு தொடங்குன நம்ம மஹிந்திரா கம்பெனி, நாடு சுதந்திரம் வாங்குன சமயத்துல வில்லிஸ் ஜீப்பை இங்க கொண்டாந்து பூட்ட ஆரம்பிச்சது. பெறகு வந்த சிஜே-3பி மாடல்ல இன்ஜின் உசரம் கூடுனதால பானெட்டையும் தூக்கி வச்சாங்க. 80-கள்ல ஓடுன எம்எம் 540-ல இருந்தது பிரான்ஸ் நாட்டு பூஷோ கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 4-ன்னா நாலு சிலிண்டரு, 90-ன்னா ஒவ்வொண்ணும் 90 மில்லிமீட்டர் அகலம், மொத்தம் 2112 சிசி. அதுக்குப் பெறகு மேஜர், கமாண்டர்னு வந்த வண்டிகள்ல டிஐ இன்ஜின். அது டிராக்டர் வம்சம், 2523 சிசி. பூஷோக்காரன் சத்தம் கம்மி, கொஞ்சம் சொகுசு. டிஐக்காரன் தடதடன்னு கத்துவான், ஆனா இழுவைக்கும் மைலேஜுக்கும் நம்பலாம். அதனாலயே எத்தனையோ பேரு பூஷோவைக் கழட்டி எறிஞ்சுட்டு டிஐயை உக்கார வச்சிருக்கான். உன் வண்டி வயசுக்கு, அதுக்குள்ள எத்தனை இன்ஜின் வந்து போச்சோ யாரு கண்டா?

பிளாக்குல நம்பர் குத்தியிருக்கும். கம்பி பிரஷ்ஷை வச்சுத் தேய்ச்சு, டீசல் துணியால துடைச்சு, காய்ஞ்சதும் சாக்பீஸைத் தேய்ச்சு விடு. குழிக்குள்ள வெள்ளை ஏறி எழுத்து எழுந்து நிக்கும். அதை ஆர்சியோட ஒத்துப் பாரு. ஒத்துப்போகலைன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கிப் புத்தகத்துல ஏத்தணும். இல்லாட்டி செக்போஸ்ட்ல போலீஸ்காரர் உனக்கு இன்ஜின் பாடம் எடுப்பாரு, ஃபீஸு அதிகம். ஒத்துப்போச்சுன்னா அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிச் சட்டைப்பையில வச்சுக்க. ஸ்பேர் கடையில போய் "ஜீப்புக்கு ஹெட் கேஸ்கட் குடுங்கண்ணே"ன்னு கேட்டேன்னா, கடைக்காரர் மொதல்ல உன் மொகத்தைப் பாப்பாரு, பெறகு எது விக்காமக் கெடக்குன்னு அலமாரியைப் பாப்பாரு.

இப்ப புகைக்கு வருவோம். என்ன கலருன்னு கேட்டா, "புகை கலருதான் மாமா"ங்கிற. படிச்ச புள்ளை! டீசல் இன்ஜின் மூணு கலர்ல பேசும் மாப்ளே. ஒவ்வொண்ணும் வேற வேற ஆளைக் கை காட்டும்.

கருப்புன்னா டீசல் கூடிப்போச்சு, இல்லை காத்து கொறைஞ்சுபோச்சு. மொதல்ல ஏர் ஃபில்டரைப் பாரு. காட்டுப் பாதையில ஓடுற வண்டியில பாதி மலை அதுக்குள்ளதான் கெடக்கும். அது சுத்தமா இருந்தும் கருப்பு வருதுன்னா, நாசில் தூவாம ஒழுகுதான்னு டெஸ்டர்ல மாட்டிப் பாக்கச் சொல்லு. அதுவும் சரின்னா, உனக்கு முன்னாடி வச்சிருந்தவன் "பிக்கப் பத்தலை"ன்னு பம்புல டீசல் ஸ்குரூவைத் திருகி விட்டிருப்பான். பிக்கப் வந்துச்சோ இல்லையோ, புகை வந்துருச்சு.

வெள்ளைன்னா ரெண்டு வகை. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வெள்ளையா வந்து, டீசல் வாடை கண்ணைக் கரிச்சு, சூடானதும் நின்னுபோச்சுன்னா அது எரியாத டீசல். பூஷோ இன்ஜின்ல ஹீட்டர் பிளக் ஒண்ணு ரெண்டு செத்திருக்கும். நாலையும் சேர்த்து இணைக்கிற பட்டையைக் கழட்டிட்டு, ஒவ்வொண்ணா மீட்டர் வச்சுப் பாரு. உயிரோட இருந்தா ஒரு ஓம் பக்கம் காட்டும், செத்தது ஒண்ணுமே காட்டாது. ஒண்ணு செத்ததுக்கு நாலையும் தூக்கிப் போட்டியே, அந்த மூணையும் எங்க எறிஞ்ச? இன்னொண்ணும் சொல்லி வைக்கிறேன். டிஐ இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக்கே பொதுவா வேண்டியதில்லை. அதுக்கும் சேர்த்து உன்கிட்ட விக்கிற கெட்டிக்காரன் இந்த ஊர்ல இருக்கான்.

சூடானதுக்கு அப்புறமும் வெள்ளை நிக்காம, ரேடியேட்டர்ல தண்ணி மட்டும் கொறைஞ்சுக்கிட்டே வந்தா, அது தண்ணி எரியுற புகை. ஹெட் கேஸ்கட் பக்கம் போகணும். அதுக்குப் பெறகு வர்றேன்.

நீலம்னா ஆயில் எரியுது. நீலத்தைப் பாத்ததும் நம்மாளுக "ரிங் போச்சு, இன்ஜினை எறக்கணும்"பாங்க. அட இருய்யா. பழைய ஜீப்புல ஏர் ஃபில்டருக்கு அடியில ஆயில் சட்டி ஒண்ணு இருக்கும். அதுல கோடு போட்ட அளவுக்குத்தான் ஆயில் ஊத்தணும். தாராள மனசோட வழிய வழிய ஊத்தி வச்சா, இன்ஜின் அதை உறிஞ்சி நீலமா ஊதும். சட்டியைக் கழட்டிப் பாக்க ரெண்டு நிமிசம். இன்ஜின் எறக்க ஒரு வாரம். எதை மொதல்ல பண்ணணும்னு நான் சொல்லணுமா?

சட்டி சரியா இருந்தா, வண்டியைக் கொஞ்ச நேரம் ஐடில்ல ஓட விட்டு, பெறகு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதி. ஒரு குபுக்கு நீலம் வந்து நின்னுருச்சுன்னா, வால்வு கைடு வழியா ஆயில் இறங்குது. ஹெட்டை மட்டும் கழட்டுனாப் போதும். மேட்டுல இழுக்கும்போது விடாம நீலமா வருது, ஆயில் ஊத்துற மூடியைத் தொறந்தா குப்குப்புன்னு மூச்சு விடுதுன்னா, அப்ப ரிங்கு, போரு, பிஸ்டன். அப்ப அழுதுக்கலாம், அதுவரைக்கும் கண்ணீரைச் சேத்து வை.

இன்னொரு சங்கதி, காலையில ஸ்டார்ட் ஆகாம அடம்புடிக்கிறது. பாதி நேரம் அது டீசல் லைன்ல காத்து. ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல ஒரு துண்டு கண்ணாடி ஓஸை மாட்டி ஓட விட்டுப் பாரு. உள்ள முட்டை முட்டையா ஓடுனா எங்கயோ காத்து இழுக்குது. வெடிச்ச ரப்பர் ஓஸா இருக்கும். இல்லாட்டி லைன் மூட்டுல போட்டிருக்கிற செம்பு வாஷர். ஒரு தடவை இறுக்குனா நசுங்கிரும், அடுத்த தடவை புதுசு போடணும். அஞ்சாறு ரூவா வாஷரை மிச்சம் பிடிச்சு, பம்பையே சர்வீஸுக்கு அனுப்புன மகராசங்க நம்மூர்ல நெறைய. லைனைச் சரி பண்ணதும் ஃபில்டர் மேல இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கிக்கிட்டே இரு. நுரை நின்னு டீசல் மட்டும் வழிஞ்சா மூடிரு. இதுக்கு மெக்கானிக் வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும்.

ஹெட் கேஸ்கட். இங்கதான் மாப்ளே பழைய ஜீப்போட பாதி காசு போகும். போனதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். ராத்திரி பூராம் ஆறுன இன்ஜின்ல, ரேடியேட்டர் மூடியைத் தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணு. தண்ணிக்குள்ள இருந்து விடாம குமிழி வந்தா, சிலிண்டர்ல எரிஞ்ச காத்து தண்ணிக்குள்ள பூருது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணா, ஒரு நிமிசத்துக்குள்ளயே, சூடு ஏறுறதுக்கு முன்னாடியே, மேல் ஓஸு கல்லாட்டம் விறைக்கும். ஆயில் மூடிக்கு அடியில பால் காப்பி நிறத்துல பசை ஒட்டியிருந்தா தண்ணியும் ஆயிலும் ஒண்ணு கூடிருச்சு. அந்த ஆயிலோட வண்டியை ஓட்டாத. பேரிங்கைத் தின்னுரும். இதெல்லாம் ஆறுன இன்ஜின்ல பாரு. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் தொறந்து மொகம் வெந்தவன் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

கண்டுபிடிச்சாச்சு. உடனே கேஸ்கட் வாங்க ஓடாத. கேஸ்கட் ஏன் போச்சுன்னு கேளு. அது தானா சாகாது, எவனோ கொன்னிருக்கான். அந்த எவனோ பெரும்பாலும் சூடு. சூடு ஏன் வந்துச்சு?

நம்ம பக்கத்துப் போர்த் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்துனா உப்பு படிஞ்சு குழாய் அடையும். இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் நிறுத்திட்டு, ஃபேன் நின்னதும் ரேடியேட்டர் மேல கையை மெல்லத் தடவிப் பாரு. சில இடம் சுடும், சில இடம் ஜில்லுன்னு இருக்கும். ஜில்லுன்னு இருக்கிற இடத்துல தண்ணி ஓடலைன்னு அர்த்தம். டேங்க்கைப் பிரிச்சு, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டுக் குத்தித் தர்ற ஆளுக இன்னும் இருக்காங்க. பெறகு கூலண்ட் ஊத்து.

வாட்டர் பம்புல, ஷாஃப்டுக்கு அடியில ஒரு சின்னத் துளை இருக்கும். அதுல தண்ணி சொட்டுச்சுன்னா உள்ள சீல் போச்சுன்னு பம்பு உனக்குச் சொல்லுது. கேக்குறவனுக்குத்தான அது சொல்லும்? நம்மூர்ல ஒரு விஞ்ஞானி அந்தத் துளையை எம்சீல் வச்சு அடைச்சான். சொட்டு நின்னுபோச்சு, டீக்கடையில காப்பி வாங்கிக் குடுத்தான். வெளிய வர வழியில்லாத தண்ணி பேரிங்குக்குள்ள போச்சு, பேரிங் நொறுங்குச்சு, ஃபேன் ஆடிப்போய் ரேடியேட்டரைக் கிழிச்சுச்சு, இன்ஜின் கொதிச்சுச்சு, ஹெட் வளைஞ்சுச்சு. அந்த எம்சீல் துண்டு எத்தனை ரூவா மதிப்புன்னு நீயே கணக்குப் போடு.

அப்புறம் அந்தத் தெர்மோஸ்டாட். வண்டி சூடாகுதுன்னா அதைக் கழட்டி எறியுறது நம்மாளுக வைத்தியம். எறிஞ்சா சூடு தணியாது மாப்ளே, நோய் மறையும். பனிக்காலத்துல கொழுக்குமலை ஏறும்போது இன்ஜின் சூடே பிடிக்காம டீசலைக் குடிக்கும், போரும் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட் செத்துச்சா உயிரோட இருக்கான்னு பாக்க, ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி, அதை நூல்ல கட்டித் தொங்க விட்டு அடுப்பை மூட்டு. கொதி வர்றதுக்கு முன்னாடி, 80 டிகிரியைத் தாண்டும்போது, வாயைத் தொறக்கணும். ஆறுனா மூடணும். தொறக்கலைன்னா மாத்து. உன் அத்தையோட பால் பாத்திரத்துல மட்டும் போட்றாத. அதுக்கு ஸ்பேர் கிடைக்காது.

காரணத்தைச் சரி பண்ணியாச்சுன்னா, இப்ப ஹெட்டைக் கழட்டு. கழட்டுறதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு அட்டைப் பெட்டி மேல வரிசையா எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, புஷ் ராடுகளை வந்த வரிசையிலயே குத்தி வை. அது அது இருந்த இடத்துலதான் திரும்பப் போகணும், இத்தனை வருசமா ஒண்ணுக்கொண்ணு தேய்ஞ்சு பழகியிருக்கு. போல்ட் நட்டை ஒரே டப்பாவுல கொட்டாத, இடத்துக்கு ஒரு கொட்டாங்கச்சி வை. கனெக்டிங் ராடு மூடியைக் கழட்டுற அளவுக்குப் போயிட்டேன்னா, கழட்டுறதுக்கு முன்னாடியே ராடுலயும் மூடியிலயும் ஒரே பக்கமாப் புள்ளி குத்திரு. ஒண்ணாவதுக்கு ஒரு புள்ளி, ரெண்டாவதுக்கு ரெண்டு. ஒரு ராடு மூடி இன்னொரு ராடுக்கு ஒத்துவராது. அதை மாத்திப் பூட்டி இன்ஜின் சுத்தாம உக்காந்துக்கிட்டு, "கிராங்க் வளைஞ்சிருச்சு போல"ன்னு சொன்ன பட்டறைக்காரரு ஒருத்தர் இருந்தாரு. பேரு வேண்டாம், சொந்தக்காரரு.

நடுவுல ஒரு ஸ்டட் உடையும். உடையாம இருக்காது. மேனிஃபோல்டு ஸ்டடுக்கு நம்ம வயசு, துரு வேற. மொத நாள் சாயந்திரமே எல்லா நட்டுலயும் டீசலையோ துரு எண்ணெயையோ ஊத்தி ஊற விடு. மறுநாள் திருகும்போது இறுகுனா பலத்தைக் காட்டாத. கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து, மெல்ல மெல்ல எடு. அப்பவும் உடைஞ்சுச்சுன்னா, மிச்சம் நிக்கிற துண்டு மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் அடிக்கச் சொல்லு. அந்தச் சூட்டுலயே துரு விட்டுக்குடுக்கும், சிவப்பு அடங்குனதும் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புனா வந்துரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டு, பக்கத்துல டீசல் துணி கெடக்காமப் பாத்துக்க. உளியை வச்சு அடிக்கிறேன்னு எவனாவது வந்தா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வை. டீக்காசு லாபம்.

ஹெட்டை லேத்துக்குக் கொண்டு போய் விரிசல் இருக்கான்னு பாக்கச் சொல்லு, வளைஞ்சிருந்தா ஃபேசிங் போடச் சொல்லு. "எதுக்கும் ஒரு தட்டுத் தட்டிரலாம்"னு தேவைக்கு மேல சீவ விடாத. சீவுனது திரும்ப வராது. புது கேஸ்கட்டைப் பழசு மேல வச்சு ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப் பாரு, தடிமனையும் பாரு. மேல்பக்கம்னு குறி போட்டிருந்தா அதை மேல வை. அதுக்குத்தான் போட்டிருக்கான். பிளாக்குல போல்ட் இறங்குற குழிக்குள்ள தண்ணியோ ஆயிலோ தேங்கியிருந்தா ஒத்தி எடு. அதோட இறுக்குனா, உள்ள சிக்குன தண்ணி பிளாக்கையே பிளந்துரும். இறுக்கும்போது நடுவுல இருந்து தொடங்கி வெளிப்பக்கமா, மாத்தி மாத்தி, ஒரே மூச்சுல இல்லாம மூணு தவணையில. அளவு மேனுவல்ல இருக்கும், அதை டார்க் ரெஞ்ச் சொல்லும். "என் கையே டார்க் ரெஞ்ச்"ங்கிறவன் கையைக் கும்பிட்டு விடைகுடு.

சத்தத்துக்கு வருவோம். நீ சொன்ன அந்த டொக்கு டொக்கு. உடனே "பேரிங் போச்சு"ன்னு எவனோ சொல்லிட்டான்னு நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க. நாசிலும் டொக்குன்னுதான் சத்தம் போடும். ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு. இன்ஜின் மெதுவா ஓடும்போது, ஒவ்வொரு நாசில் குழாய் நட்டையும் ஒரு சுத்துத் தளர்த்தி, மேல துணியைப் போட்டு மூடு. எந்த சிலிண்டரை நிறுத்துனா சத்தம் மாறுதோ, அந்த சிலிண்டர்தான். கையை மட்டும் நாசில் வாயில காட்டிராத. 100 பாருக்கு மேல அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள இறங்கிரும். பாக்க முள்ளுக் குத்துன அளவுதான் தெரியும், ஆனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சிலிண்டர் தெரிஞ்சதும், அந்த நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாத்திப் போடு, அடியில புது வாஷரோட. சத்தமும் சேந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சுன்னா குத்தம் நாசில் மேல. சத்தம் பழைய இடத்துலயே நின்னா கீழ இருக்கு வெனை. அப்ப ஆயில் பிரஷர் முள்ளைப் பாரு. சூடானதும் ஐடில்ல படுத்துக்கிட்டா பேரிங் தேய்ஞ்சிருக்கும். சம்பைக் கழட்டி, அடியில கெடக்கிற தூளைக் காந்தத்துல தொடு. ஒட்டுனா இரும்பு, ரிங்கோ கியரோ கேமோ அரைபடுது. ஒட்டாம மின்னுனா பேரிங் உலோகம். கிராங்க்கை அளக்காம பேரிங் வாங்காத. கிரைண்டிங் போட்டா பத்து, இருபது, முப்பதுன்னு சைஸு ஏறும். பத்துன்னா 0.25 மில்லிமீட்டர். முன்னாடி எவனாவது இருபது போட்டிருந்தா நீ பத்து வாங்கிட்டு வந்து என்ன பண்ணுவ, கொலுவுல வைப்பியா?

கியர் மாத்தும்போது தொம்முன்னு ஒரு இடி இடிக்குதுன்னயே, அது இன்ஜினே இல்லாம இருக்கலாம். பானெட்டைத் தொறந்து வச்சு, ஒருத்தன் பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் கியர்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்சை லேசா விடட்டும். நீ முன்னாடி நிக்காம ஓரமா நின்னு பாரு. இன்ஜின் எந்திரிச்சு உக்காந்தா மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருக்கு. ரப்பரை மாத்துற வேலைக்குக் கியர்பாக்ஸையே எறக்கிப் பாத்த பட்டறை உண்டு.

பார்ட் வாங்குற எடத்துக்கு வருவோம். இந்த வயசு வண்டிக்கு எல்லாம் புதுசாக் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டை பக்கம் போனா பழைய வண்டியைப் பிரிச்சு மலையாக் குவிச்சு வச்சிருப்பாங்க. அங்க போறப்ப உடைஞ்ச பார்ட்டைச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போ. போட்டோ காட்டி வாங்குனா போட்டோவுலதான் பொருந்தும். பழைய வாட்டர் பம்போ மேனிஃபோல்டோ வாங்கலாம், கையில எடுத்துச் சுத்திப் பாக்கலாம், விரிசலைத் தேடலாம். கேஸ்கட், ஆயில் சீல், பேரிங், ஓஸ், ரிங்கு, இதெல்லாம் பழசு வாங்காத. பேரம் நல்லா முடிஞ்சுச்சுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டே மறுபடியும் இன்ஜினைப் பிரிப்ப.

உனக்கு இருக்கிற பெரிய சீக்கு ஒண்ணு, "கழட்டுனதுதான் கழட்டுனோம், அதையும் மாத்திரலாமே". நல்லா ஓடுற டீசல் பம்பை சும்மா இருக்கட்டும்னு விடு. சீல் உடைக்காத பம்பை எவனும் தொடக் கூடாது. தொட்டா, டெஸ்ட் பெஞ்ச் வச்சிருக்கிற இடத்துல மட்டும். ஃபாக் லைட்டு, முன்னாடி இரும்புக் குழாய், மேல ஏணி, பக்கத்துல புலிப் படம், எல்லாம் வச்சிருக்க. உள்ள தெர்மோஸ்டாட் இல்லை. புலியே வேர்த்துக் கெடக்கு.

கடைசியாச் சொல்றேன், இதை மட்டும் பிடிச்சுக்க. எந்தப் பட்டறையில வேலை குடுத்தாலும் உடைஞ்ச பார்ட்டைக் கையில வாங்காம காசு குடுக்காத. வாங்குனதும் ஒரே ஒரு கேள்வி கேளு: "அண்ணே, இது ஏன் உடைஞ்சது?" "வயசாயிருச்சு தம்பி"ன்னு சொன்னா, அடுத்த மாசமும் அங்கதான் உக்காந்திருப்ப. தண்ணி ஏன் கொறைஞ்சது, சூடு எங்க ஏறுச்சு, எது எதைக் கெடுத்துச்சுன்னு விரலை வச்சுக் காட்டுனா, அந்த ஆளை விடாத. ஸ்பேர் கடையில எம்புட்டு வேணும்னாலும் பேரம் பேசு மாப்ளே. காரணம் சொல்ற மெக்கானிக்கிட்டக் கேட்ட கூலியை அப்படியே குடு. அதுதான் இந்த வண்டிக்கு நீ பண்ற ஒரே மலிவான செலவு.